விலங்கின் இன்னொரு வளையம்

கோவில்பட்டியில் ஓடுகிற ஆம்புலன்ஸ் ஒன்றில் பின்கதவுக்கு உள்பக்கம், தோள் உயரத்தில், ஒரு கொக்கி இருக்கிறது. சொந்தக்காரப் பெண் ஒருத்தியைப் பிரசவத்துக்கு ஏற்றிவிடப் போனபோது அந்த வண்டிதான் வந்தது. கொக்கியில் சாப்பாட்டுப் பை தொங்கியது. பைக்கு மேல் பிச்சிப்பூச் சரம் வேறு. வண்டியில் சீருடையோடு வந்த பெண்ணிடம், “இந்தக் கொக்கி எதுக்குன்னு தெரியுமாம்மா?” என்று கேட்டேன். “பை மாட்டத்தான் பெரியம்மா” என்றாள். பெரியம்மா என்றதில் ஒரு கோபம், பை மாட்டத்தான் என்றதில் இன்னொரு கோபம். பிரசவ வலியில் துடிக்கிறவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கதை சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் பேச்சியம்மாள். ஓய்வு பெற்ற ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர். முன்னால் இருப்பவர் வண்டியை ஓட்டுவார். பின்னால் நோயாளியோடு இருப்பது என் வேலை. நர்சிங் படித்துவிட்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். ஆம்புலன்ஸுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து விண்ணப்பித்தேன். “பொம்பளை எப்படி அந்த வண்டியில போவே?” என்று வீட்டுக்காரர் கேட்டார். “உக்காந்துதான்” என்றேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ரப்பர் பொம்மையின் நெஞ்சை அமுக்கினோம், பரீட்சை எழுதினோம், சட்டை கொடுத்தார்கள். படிப்பு என்று சொல்லத்தக்கது செல்வின் சாரிடம்தான் ஆரம்பித்தது.

செல்வின் சார் எங்கள் பகுதி வண்டிகளுக்கு மேற்பார்வையாளர். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. கத்தியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். சோதனைக்கு வந்தால் முதலில் பூட்ஸைக் கழற்றி டயருக்குப் பக்கத்தில் ஜோடியாக வைப்பார். பிறகு வண்டியில் ஏறி ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து படுத்து, “என்னைக் கட்டுங்க” என்பார். கட்டுவோம். “எட்டயபுரம் ரோட்ல விடுங்க” என்பார். வண்டி பள்ளத்தில் விழுந்து எழும்போதெல்லாம் கண்ணை மூடாமல் கூரையையே பார்த்துக்கொண்டு வருவார். திரும்பி வந்து அவிழ்த்துவிட்டதும் பூட்ஸைப் போட்டுக்கொண்டே தீர்ப்பு சொல்வார்.

“இடது கால் பட்டை முட்டிக்கு மேல ஏறுது. கூரை விளக்கு கண்ணுல அடிக்கு. போய்ட்டு வாரதுக்குள்ள என் மூஞ்சியை நீங்க ஒரு தடவைதான் பாத்தீங்க.”

அவ்வளவுதான். திட்டு கிடையாது, மெமோ கிடையாது. ஆனால் அன்றைக்கு ராத்திரி சோறு இறங்காது.

புதிதாகச் சேர்ந்தவர்களையும் அதே மாதிரி கட்டிப்போட்டு ஒரு சுற்று அனுப்புவார். என் முறையும் வந்தது. கட்டிக்கிடக்கிற ஆளுக்குத் தெரிவது கூரை மட்டும்தான். பக்கத்தில் யார் நிற்கிறார்கள், என்ன செய்யப்போகிறார்கள், ஒன்றும் தெரியாது. மூக்கு அரித்தால் சொறிய முடியாது. எனக்கு அன்று மூக்கு அரித்தது. சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு எட்டயபுரம் வரைக்கும் போனேன். அதற்குப் பிறகு, கட்டிவைத்த ஆள் யாராக இருந்தாலும், கொலைகாரனே ஆனாலும், “எங்கயாவது அரிக்கா?” என்று கேட்காமல் நான் இருந்ததில்லை. பாதிப் பேர் அந்தக் கேள்வியிலேயே அடங்கிவிடுவார்கள்.

போலீஸ் காவலில் வருகிற நோயாளிக்கு அவர் வைத்திருந்த முறைகள் எனக்கு இன்னும் தூக்கத்தில் கேட்டாலும் வரும். குப்புறப் போடக்கூடாது, யார் சொன்னாலும் கூடாது. மல்லாந்து, தலைப்பக்கம் கொஞ்சம் தூக்கி வைக்க வேண்டும். ஒரு கை தலைக்கு மேலே, ஒரு கை இடுப்போடு. இரண்டு கையும் ஒரே பக்கம் இருந்தால் எழுந்துவிடுவார்கள். பட்டைக்கு அடியில் ஒரு விரல் போய்வர வேண்டும். நகத்தை அமுக்கிவிட்டால் வெளுத்த இடம் உடனே சிவக்க வேண்டும். முடிச்சு ஓர் இழுப்பில் அவிழ வேண்டும். பெயரைக் கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லியே பேச வேண்டும். கடைசியாக ஒன்று சொல்வார்: “கத்துறவனைப் பத்திக் கவலைப்படாதீங்க. மூச்சு இருக்கப் போய்த்தான் கத்துதான். சத்தம் நின்னாத்தான் பாக்கணும்.”

இதன் அர்த்தம் எப்போதும்வென்றான் என்கிற ஊருக்குப் பக்கத்தில் ஒருநாள் எனக்கு விளங்கியது. மனநிலை சரியில்லாத ஒரு பையன் அரிவாளோடு நின்று பஸ்ஸை மறித்திருக்கிறான். ஊர்க்காரர்களும் போலீசும் சேர்ந்து மடக்கி, பருத்திப் பொதி கட்டுகிற கயிற்றால் கையைப் பின்னால் கட்டி, குப்புறப் போட்டு, இரண்டு பேர் முதுகில் உட்கார்ந்திருந்தார்கள். “இப்பத்தான் சிஸ்டர் அடங்குனான்” என்று அதில் ஒருவர் பெருமையாகச் சொன்னார். பையனின் உதடு நாவல்பழம் தின்றது போல் இருந்தது. எங்கள் ஓட்டுநர் முருகையா அண்ணாச்சி சாதுவான மனுஷன். அன்று முதுகில் இருந்தவர்களைச் சட்டையைப் பிடித்து இழுத்துத் தள்ளினார். கயிற்றை அறுத்து, புரட்டி, ஆக்ஸிஜன் வைத்து, என்னவெல்லாமோ செய்தோம். கொஞ்ச நேரத்தில் பையன் கண்ணைத் திறந்து என் அம்மாவைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். ஒரு கெட்ட வார்த்தையை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் கேட்டதில்லை.

எல்லாமே இப்படி உயிர் போகிற விஷயம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒருமுறை திருட்டு வழக்கில் பிடிபட்ட கால் ஒடிந்த ஆள் ஒருவரைக் கொண்டுபோனோம். காவலுக்கு வந்த போலீஸ்காரருக்கு வண்டியில் பின்பக்கமாக உட்கார்ந்து பழக்கமில்லை. கயத்தாறு வருவதற்குள் வாந்தி எடுக்க ஆரம்பித்துவிட்டார். நான் கிண்ணத்தைப் பிடித்தேன். கட்டாத கையால் கைதி அவருக்கு முதுகு தடவிவிட்டார். “எலுமிச்சம்பழம் மோந்து பாருங்க சார், கேக்கும்” என்று யோசனை வேறு.

இனி அந்தக் கொக்கிக்கு வருகிறேன்.

பொங்கலுக்கு முந்தைய மாதம். மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்த ஒரு பகல். ஊர் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு. நெஞ்சு வலி, பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், ஆள் போலீஸ் காவலில் இருக்கிறார் என்றார்கள்.

ஆளின் பெயர் ராமசுப்பு. ஐம்பதைத் தாண்டிய சம்சாரி. உளுந்தும் பருத்தியும் போடுகிற குடும்பம். வரப்புத் தகராறில் தம்பி மகனை மண்வெட்டிக் காம்பால் அடித்திருக்கிறார், கை முறிந்துவிட்டது. பருத்திக்காட்டில் நின்றவரை அப்படியே பிடித்து வந்திருக்கிறார்கள். காலில் கணுக்கால் வரைக்கும் கரிசல் மண் காய்ந்து ஒட்டியிருந்தது. ஸ்டேஷனில் உட்கார வைத்த கொஞ்ச நேரத்தில் நெஞ்சைப் பிடித்திருக்கிறார்.

நான் போனபோது அவரும் ஒரு இளவயது போலீஸ்காரரும் பெஞ்சில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். இருவர் கையையும் மூடி ராமசுப்புவின் தோள்துண்டு கிடந்தது. பார்க்கிறவர்களுக்கு மாமனும் மருமகனும் மாதிரி இருக்கும். இது எங்கள் பக்கத்தில் போலீஸ்காரர்கள் சிலர் செய்கிற மரியாதை. நாலு பேர் அறிந்த சம்சாரி ஆஸ்பத்திரியில் விலங்கோடு இருப்பதை ஊர்க்காரர் பார்த்தால் அவர் செத்துவிடுவார் என்று துண்டைப் போட்டு மறைப்பார்கள். சட்டத்தில் விலங்கே போடக்கூடாது என்று சொல்வார்கள், நடப்பது வேறு.

சலைன் ஊசி போடக் கை வேண்டியிருந்தது. துண்டை விலக்கினேன். விலங்கின் ஒரு வளையம் ராமசுப்புவின் வலது மணிக்கட்டில். இன்னொரு வளையம் போலீஸ்காரரின் இடது மணிக்கட்டில்.

“சாவி எங்க தம்பி?” என்றேன்.

“ஏட்டையாட்ட இருக்குக்கா.”

“ஏட்டையா எங்க?”

“ஸ்டேஷனுக்குப் போயிருக்காவ. பெரியாஸ்பத்திரில கைதி வார்டுல சேக்கணும்னா பேப்பர் வேணும்லா. எடுத்துக்கிட்டு பைக்ல பின்னாலயே வாரேன்னாவ.”

அவன் பெயர் மாரிச்செல்வம். அவன் வயதுக்கு ‘அவன்’ என்றே எழுதுகிறேன். இப்போது கேட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டான். இந்தச் சாவி விஷயம் அவன் கண்டுபிடித்ததல்ல. விலங்கு ஒருவர் கையில் இருந்தால் சாவி இன்னொருவர் பையில் இருக்க வேண்டும் என்பது அந்த ஸ்டேஷனின் வழக்கம். கோர்ட்டுக்குப் பஸ்ஸில் கூட்டிப்போகும்போது கைதி சாவியைப் பிடுங்கிவிடக் கூடாது என்பதற்காக வந்தது. பஸ்ஸுக்குச் சரியான வழக்கம்தான்.

ஏட்டையாவுக்குப் போன் போடச் சொல்லி நானே வாங்கிப் பேசினேன். வந்து திறந்துவிட்டுப் போங்கள் என்றேன்.

“சிஸ்டர், நீங்க சொல்லுதது புரியுது. போன தடவை இப்படித்தான் நெஞ்சு வலின்னு ஒருத்தன் ஆஸ்பத்திரிச் சுவரேறிக் குதிச்சு ஓடிட்டான். கூடப் போன ரெண்டு பேரும் சஸ்பெண்டு. அதுல ஒருத்தன் புள்ளைக்குப் பீஸ் கட்ட முடியாம நின்னதை நான் கண்ணால பாத்தேன். மாரி புதுப் பையன். நீங்க கிளம்புங்க. இங்க இன்ஸ்பெக்டர் அய்யா கையெழுத்து போட்டதும் வண்டியை எடுத்துருதேன். கயத்தாறு தாண்டுறதுக்குள்ள உங்களப் பிடிச்சிருவேன்.”

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

டாக்டர் இசிஜித் தாளைக் காட்டி, “இதுக்கு மேல இங்க வச்சிருக்கக் கூடாது, கிளம்புங்க” என்றார். நான் செல்வின் சாரை அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன். மூன்றே கேள்வி கேட்டார்.

“சாவி வார வரைக்கும் நின்னா என்ன ஆகும்?”

“இங்கயே நெஞ்சு நின்னுபோகலாம் சார்.”

“போனா?”

“வழியில நின்னுபோகலாம். போலீஸ் தம்பியும் கூடவே மாட்டியிருக்கான்.”

“எது கம்மி?”

“போறதுதான் சார்.”

“போங்க. கையுறைப் பெட்டி எங்க இருக்குன்னு மட்டும் பாத்து வச்சுக்கோங்க.”

கையுறைப் பெட்டி எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை. ஆனால் அவர் சொன்னால் செய்வது என்பது கைப்பழக்கமாகிவிட்டது. பெட்டியை எடுத்து என் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

ராமசுப்புவின் மனைவி ரங்கம்மாவை முன்னால் முருகையா அண்ணாச்சிக்குப் பக்கத்தில் ஏற்றினோம். இடையில் இருந்த சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாக அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வண்டி நாற்கர சாலையில் ஏறியதும் மாரி பேச ஆரம்பித்தான். பயம் வந்தால் பேசுகிற ரகம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். தலைப்பொங்கலுக்கு மாமியார் வீட்டுக்குப் போக லீவு கேட்டிருக்கிறானாம். ஏட்டையா பார்க்கலாம் என்றிருக்கிறாராம். “மொதல்ல நடிக்காருன்னுதாங்க்கா நெனச்சேன். ஸ்டேஷனுக்கு வந்தா எல்லாரும் நெஞ்சைத்தான பிடிக்காவ” என்றான், ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே.

ராமசுப்பு ஆக்ஸிஜன் முகமூடிக்குள்ளிருந்து, “நடிக்கத் தெரிஞ்சா வரப்புச் சண்டையில நான் ஏன் தம்பி மாட்டுதேன்?” என்றார்.

மாரி சிரித்துவிட்டான். நானும்தான்.

“பேசாதீங்க ராமசுப்பு அண்ணாச்சி. எங்கயாவது அரிக்கா?”

“இல்ல தாயி. ஒண்ணு கேக்கணும். கயத்தாறு பஸ் ஸ்டாண்டு வழியாவா போகும்? அங்கன எங்க சம்பந்தக்காரவிய கடை இருக்கு.”

“ஊருக்குள்ள போகாது. வெளிய வெளியவே போயிரும்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நெஞ்சில் அவ்வளவு வலி இருந்தும், அந்தக் கேள்விக்கு விடை கிடைத்ததில்தான் அவருக்கு முகம் தெளிந்தது. மாரி தன் சுதந்திரமான கையால் துண்டை இழுத்து விலங்கை மறுபடி மூடினான். வண்டிக்குள் பார்க்க யார் இருக்கிறார்கள்? ஆனாலும் மூடினான்.

காற்றாலைகள் தெரிய ஆரம்பித்த இடத்தில் ராமசுப்பு, “தேவுடா” என்றார். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். அந்த ஒரு சொல்தான். தாடை இறுகியது, கண் மேலே போனது. திரையில் ஓடிக்கொண்டிருந்த கோடு கோணல்மாணலாக ஆனது. கழுத்தில் விரலை வைத்தேன். நாடி இல்லை.

“அண்ணாச்சி, ஓரமா நிறுத்திட்டுப் பின்னால வாங்க!”

நெஞ்சை அமுக்க ஆரம்பித்தேன். நான் ஒவ்வொரு முறை அமுக்கும்போதும் சங்கிலி குலுங்கி மாரியின் கையும் ஆடியது. அண்ணாச்சி கதவைத் திறந்து ஏறினார். ராமசுப்புவின் சட்டையைக் கிழித்து, அந்தத் துண்டாலேயே வேர்வையைத் துடைத்து, மின்அதிர்ச்சி கொடுக்கும் கருவியின் இரண்டு ஒட்டுகளையும் நெஞ்சில் ஒட்டினார். தாறுமாறாகத் துடிக்கிற இதயத்தை உதறி ஒழுங்குக்குக் கொண்டுவருகிற கருவி அது. நோயாளியைத் தொடாதே என்று அது ஆங்கிலத்தில் சொல்லும். சொல்லியது. மாரிக்கு ஆங்கிலம் தெரியும்.

அதிர்ச்சி கொடுக்கும்போது யாரும் நோயாளியைத் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. இதற்குச் செல்வின் சார் ஒரு முறை வைத்திருந்தார். தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்த்து, ‘நான் விலகிட்டேன்’ என்று உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர்களைக் கேட்க வேண்டும். ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் பொத்தான். தலையாட்டல் செல்லாது.

மாரி பின்னால் சாய்ந்தான். சங்கிலி விறைத்தது. அதற்கு மேல் போக இடமில்லை. “நான் எங்கக்கா விலக?” என்றான்.

அப்போதுதான் எனக்குக் கையுறைப் பெட்டி விளங்கியது.

“அண்ணாச்சி, கையுறை எடுத்து அந்தத் தம்பிக்கு மாட்டுங்க. ஒண்ணு மேல ஒண்ணா. வளையத்துக்கு அடியில ரப்பர் வரணும். இவர் கையிலயும் வளையத்துக்குள்ள திணிங்க.”

நான் அமுக்குவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் மூளைக்கு ரத்தம் போகாது. அண்ணாச்சி ரப்பரை மாட்டி இழுத்துவிட்டார். விலங்கு கொஞ்சம் தளர்வாக இருந்தது. ஏட்டையா ஒரு விரல் இடம் விட்டுத்தான் பூட்டியிருந்தார், அதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

“மாரி, இங்க பாரு. சங்கிலி ஸ்ட்ரெச்சர் கம்பில படாமத் தூக்கிக்கோ. காலை சீட்டு மேல வச்சுக்கோ. ரப்பர் இருக்கு. அநேகமா உனக்கு ஒண்ணும் ஆகாது. ஆகவே ஆகாதுன்னு சத்தியம் பண்ண என்னால முடியாது. வேண்டாம்னு சொல்லு, நான் போட மாட்டேன். ஏட்டையா வார வரைக்கும் அமுக்கிக்கிட்டே இருப்பேன்.”

ஏட்டையா எப்போது வருவார் என்று எனக்குத் தெரியாது. அதுவரை வெறும் அமுக்கலில் ராமசுப்பு தாங்க மாட்டார் என்பது தெரியும். அதை நான் மாரியிடம் சொல்லவில்லை. அவன் முகத்தைப் பார்த்தால் சொல்லத் தேவையும் இருக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. கை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஒருவரைக் காப்பாற்றப் போய் இன்னொருவரைப் பலி கொடுத்துவிடுவேனோ என்ற பயம். சின்ன ஜன்னலில் ரங்கம்மாவின் முகம்.

மாரி அந்தப் பெண்ணைப் பார்த்தான். பிறகு ராமசுப்புவின் காலைப் பார்த்தான். மண் ஒட்டிய அந்தக் காலை. இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டான்.

“போடுங்கக்கா.”

“நான் விலகிட்டேன். அண்ணாச்சி?”

“விலகிட்டேன்.”

மாரியைக் கேட்கவில்லை. கேட்க ஒன்றும் இல்லை. அவன் கண்ணை இறுக்கி மூடியிருந்தான். பொத்தானை அழுத்தினேன்.

ராமசுப்புவின் உடம்பு ஒரு தூக்கு தூக்கி விழுந்தது. மாரியின் கையும் கூடவே தூக்கிப் போட்டது.

“மாரி! விரலை ஆட்டு!”

ரப்பருக்குள் விரல்கள் ஆடின. ஒவ்வொன்றாக ஆட்டிக் காட்டினான், சின்னப்பிள்ளை எண்ணிக்காட்டுவது போல. நான் மறுபடி அமுக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் திரையில் கோடு ஒழுங்குக்கு வந்தது. கழுத்தில் நாடி தட்டியது. அண்ணாச்சி இறங்கிப்போய் வண்டியை எடுத்தார்.

ராமசுப்பு கண் திறந்தது கயத்தாறைக் கடந்த பிறகு. முகமூடியைக் கொஞ்சம் தூக்கினேன்.

“கயத்தாறு தாண்டிட்டமா தாயி?”

“தாண்டிட்டோம்.”

“யாரும் பாக்கலையே?”

“ஒருத்தரும் பாக்கல மாமா” என்றான் மாரி. துண்டு எங்கோ கீழே கிடந்தது. எடுத்துப் போர்த்தினான். அதுவரை ‘யோவ்’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன், மாமா என்றது அப்போதுதான்.

பெரியாஸ்பத்திரியில் இறக்கும்போது டாக்டர், “கூட வந்தவங்க யாரு?” என்று கேட்டார். “நான்தான்” என்றான் மாரி. டாக்டர் அவன் சீருடையையும், கையோடு கிடந்த விலங்கையும், அதற்குள் பிதுங்கி நின்ற கையுறைகளையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். “அப்புறமாச் சொல்லுதேன் சார், மொதல்ல இவரைப் பாருங்க” என்றேன். கொஞ்ச நேரத்தில் ஏட்டையா ஓடி வந்தார். அய்யா கையெழுத்துப் போடத் தாமதமாகிவிட்டதாம். நடந்ததைக் கேட்டுக்கொண்டே விலங்கைத் திறக்கப் பார்த்தார். சாவி துவாரத்தில் நுழையவில்லை. மாரிதான் வாங்கித் திறந்தான்.

மறுநாள் செல்வின் சார் வண்டிக்கு வந்தார். எங்கிருந்தோ ஒரு பழைய விலங்கு கொண்டுவந்திருந்தார். பூட்ஸைக் கழற்றி வைத்தார், ஸ்ட்ரெச்சரில் படுத்தார். ஒரு வளையத்தைத் தன் கையில் மாட்டிக்கொண்டு இன்னொன்றை என் பக்கம் நீட்டினார். மாட்டிக்கொண்டேன்.

“இப்ப விலகுங்க.”

விலகப் பார்த்தேன். முடியவில்லை. அவர் எழுந்து இரண்டு வளையத்தையும் திறந்தார். பிறகு, “சரியாத்தான் செஞ்சிருக்கீங்க. ஆனா இன்னொரு தடவை யாரும் இதைச் செய்ய வேண்டி வரக்கூடாது” என்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு கொக்கியும் திருப்புளியும் எடுத்து, வேறு யாரையும் தொட விடாமல், தானே முடுக்கினார். போலீஸ் அதிகாரியை அவர் எப்படிப் பேசிச் சம்மதிக்க வைத்தார் என்று எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து எங்கள் வண்டியில் போலீஸ்காரர் ஏறினால் சாவி அந்தக் கொக்கியில் தொங்கும். கைதிக்கு எட்டாது, எங்களுக்கு எட்டும். சாவி தொங்காமல் பின்கதவை மூட மாட்டோம். இப்போது துணிப்பட்டைகள் வந்துவிட்டன, விலங்கு அரிதாகத்தான் வருகிறது. அதனால்தான் கொக்கிக்குப் பை கிடைத்திருக்கிறது போலும்.

ராமசுப்பு பிழைத்தார். வழக்கை அண்ணன் தம்பி பேசி முடித்துக்கொண்டார்கள். வரப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறதாம்.

பொங்கல் முடிந்து சில நாள் கழித்து மாரி எங்கள் ஷெட்டுக்கு வந்தான். மாமியார் வீட்டிலிருந்து ஒரு கட்டுப் பனங்கிழங்கு. லீவு கிடைத்திருக்கிறது. அவித்த கிழங்கை ஆளுக்கு ஒன்றாக எடுத்து, நாரை உரித்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவன் முகம் சரியில்லை. என்னவென்று கேட்டேன்.

“பெரிய அய்யா எல்லாரையும் நிக்க வச்சு என்னப் பாராட்டினாவக்கா. ‘கடைசி வரைக்கும் விலங்கைக் கழட்டாம கைதியைக் கொண்டு சேத்தான்’னு. கைதட்டு வேற. எனக்குக் கூச்சமாப் போச்சு. சாவி இல்லாததுக்கு ஒரு பாராட்டா? சாவி மட்டும் எங்கையில இருந்திருந்தா மொத ஆளாக் கழட்டிட்டு வண்டியிலிருந்து குதிச்சிருப்பேன். அதை அவியகிட்டச் சொல்ல முடியுமா? உங்ககிட்டயாவது சொல்லணும்னுதான் வந்தேன்.”

அவன் இடது மணிக்கட்டில் அந்த வளையம் உரசிய தழும்பு இன்னும் மறையாமல் இருந்தது.

“நான் உங்கிட்ட என்ன சொன்னேன் மாரி? வேண்டாம்னு சொல்லு, போட மாட்டேன்னு சொன்னேன்லா?”

“ஆமாக்கா. நான்தான் போடுங்கன்னேன்.”

“வேண்டாம்னு சொல்லுததுக்குச் சாவி எதுக்கு?”